செக்கிழுத்த கையில் ஏடு

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே சுதேசிக் கப்பல் விட்டவர் என்ற அளவிலேயே வ. உ. சிதம்பரம் பிள்ளையை ஈழத்தவராகிய நம்மிற் பலர் அறிவர். சிறைக்கூடத்தையே கல்விக்கூடமாக்கி அவர் ஆற்றிய தமிழ்ப்பணியை அறிந்தோர் சிலரே.

பிள்ளையவர்கள் 1872ஆம் ஆண்டு செப்டெம்பர் 5ஆம் நாள் ஒட்டப்பிடாரத்திற் பிறந்தார். கற்றுத் தேறி வழக்கறிஞரானார். ஆங்கிலக் கப்பற் கம்பெனியாரின் ஏகபோகத்தை எதிர்த்து 1906இல் சுதேசிக் கப்பற் கம்பெனியை நிறுவினார். 1908இன் தொடக்கத்தில் தூத்துக்குடி ஆலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்துக்குத் துணைநின்றார். அவ்வாண்டு மார்ச்சு மாதத்திற் கைதாகி, யூலையில் இராசத்துரோகக் குற்றத்தின் பேரில் ஆயுள் தண்டனை பெற்றார். மேன்முறையீட்டில் அது ஆறாண்டாகக் குறைந்தது.

கோயம்புத்தூர்ச் சிறையிலே, மாடு இழுக்கவேண்டிய செக்கினை அவர் இழுத்தார். வழக்காடு மன்றங்களில் நாவன்மையாற் புகழ்பெற்ற ஒருவரை உடல் வருத்தியே ஒடுக்கிவிடலாம் என எண்ணினர் போலும். ஆயின், அவர் கைக்கு நூல்களும் எட்டின. ஆங்கில அறிஞர் யேம்சு அலன் எழுதிய நூலொன்றை, மனம்போல வாழ்வு என்னும் பெயரால் சிறையிலிருந்தே மொழிபெயர்த்தார். அது 1909இல் வெளிவந்தது. தொல்காப்பியத்தையும் அங்கேயே கற்றார். பின்னர்க் கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றப்பட்டபோது, உடனிருந்த கைதிகளுக்கு அறநூற் பொருளை எடுத்துரைத்தார். தாம் பெற்ற கல்வியைத் தமக்கென்றே வைத்துக்கொண்டாரல்லர்.

1912ஆம் ஆண்டு திசெம்பரில் விடுதலையானார். கப்பற் கம்பெனி அதற்கு முன்னரே கலைந்துபோயிற்று. வழக்கறிஞர் உரிமை பறிபோயிற்று. வறுமை வந்து சூழ்ந்தது. எஞ்சியது சிறையில் ஈட்டிய கல்வியொன்றே. 1914இல் மெய்யறமும் 1915இல் மெய்யறிவும் வெளிவந்தன. திருக்குறள் அறத்துப்பாலின் மணக்குடவருரையை 1917இற் பதிப்பித்தார். தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் கண்ட உரையையும் 1928 முதலாகப் பதிப்பித்துதவினார். 1936ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள் தூத்துக்குடியில் மறைந்தார்.

ஒன்றை நாம் சிந்தித்தல் வேண்டும். பிள்ளையவர்கள் முன்னமே கற்றவர். நூலைத் தேடவும் பயன்கொள்ளவும் வல்லவர். அவரோடு செக்கடியில் நின்ற பெயர் அறியாக் கைதிக்கு ஏடு கொடுத்தவர் யார்? ஒவ்வொரு சிறையிலும் எல்லாக் கைதிகளுக்கும் பயன்படும் நூல்நிலையம் இருத்தல் வேண்டும் என்பதை, 1955இல் சினீவா மாநகரில் வகுக்கப்பட்ட குறைந்தபட்ச விதிகள் கூறின. நெல்சன் மண்டேலாவின் பெயரால் 2015இல் திருத்தியமைக்கப்பட்ட விதிகளும் அதனையே வலியுறுத்துகின்றன. ஆகவே, கைதிக்கு நூல் வழங்குதல் தயவன்று; கடமையாகும்.

தண்டனை ஒருவனது நடமாட்டத்தைத் தடுக்கலாம். அவன் அறிவு வளர்வதைத் தடுத்தல் தகாது. ஒரு சிறைவாசி கற்றதன் பயனை இன்றும் இளம்பூரணம் பயிலும் மாணாக்கர் நுகர்கின்றனரன்றோ?