படம் தியேட்டரில்... ஹீரோ ஜெயிலில்! திருச்சி தந்த முதல் சூப்பர் ஸ்டாரின் கதை

உங்க ஃபேவரைட் ஹீரோவோட படம் தீபாவளிக்கு ரிலீஸ் ஆகுது. அடுத்த தீபாவளிக்கும் அதே தியேட்டரில் ஓடுது. அதுக்கு அடுத்த தீபாவளிக்கும்! ஆனா, ஹீரோ மட்டும் ஜெயிலில் இருக்கார். நம்ப முடியுதா? 1944-ல் வெளியான 'ஹரிதாஸ்' படத்துக்கும் அதன் நாயகன் எம்.கே.தியாகராஜ பாகவதருக்கும் நடந்தது இதுதான்.

பாகவதர் பிறந்தது 1910-ல், மாயவரத்தில். ஆனா, வளர்ந்தது, பேர் வாங்கினது எல்லாம் திருச்சி. அப்பா கிருஷ்ணமூர்த்தி நகை செய்பவர். பையனும் பட்டறையில் உட்காருவான் என்று வீட்டில் நினைத்திருப்பார்கள். பையனுக்கோ பாட்டு, பாட்டு, பாட்டு மட்டும்தான். பாடக் கூடாது என்று கண்டித்ததால் வீட்டை விட்டே ஓடிப்போனான், கடப்பாவில் பாடிக்கொண்டிருந்தவனை அப்பா தேடிக் கண்டுபிடித்துக் கூட்டிவந்தார் என்று சொல்வார்கள். அதற்குப் பிறகு யாரும் தடுக்கவில்லை.

திருச்சியில் அப்போது எஃப்.ஜி.நடேச ஐயர் என்று ஒரு ரயில்வே அதிகாரி இருந்தார். நாடகப் பைத்தியம். ரசிக ரஞ்சனி சபா அவர் ஆரம்பித்ததுதான். தன் 'அரிச்சந்திரா' நாடகத்தில் லோகிதாசன் வேஷத்துக்கு இந்தச் சிறுவனைப் பிடித்துப் போட்டார். அப்போது பையனுக்குப் பத்து வயசு சுமார். ஊரே திரும்பிப் பார்த்தது.

ஒரு விஷயம் யோசிச்சுப் பாருங்க. அன்றைய மேடையில் மைக் கிடையாது. கடைசி வரிசையில் மண் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் கேட்க வேண்டும் என்றால் உச்ச ஸ்தாயியில் பாடியே ஆகணும். பாகவதர் பாட்டைக் கேட்டு, ஏன் இவ்வளவு மேலே போறார் என்று நீங்க சிரிச்சிருந்தால், காரணம் இதுதான். அது ஸ்டைல் மட்டும் இல்லை, தொழில் கற்றுக்கொடுத்த பழக்கம்.

அவரும் எஸ்.டி.சுப்புலட்சுமியும் நடித்த 'பவளக்கொடி' நாடகம் பெரிய ஹிட். அதையே இயக்குநர் கே.சுப்ரமணியம் 1934-ல் படமாக எடுத்தார். ஏறக்குறைய ஐம்பது பாட்டு! 24 வயசில் பாகவதர் சினிமா ஹீரோ ஆனார். அப்புறம் நடந்ததெல்லாம் ராக்கெட் வேகம். 1937-ல் 'சிந்தாமணி', 'அம்பிகாபதி'. 'சிந்தாமணி' கொடுத்த வசூலில் மதுரையில் அதே பேரில் ஒரு தியேட்டரே கட்டினார்கள். தோள் வரை இறங்கும் அவர் முடி, 'பாகவதர் கிராப்' ஆகி இளைஞர்கள் தலையில் ஏறியது. 1941-ல் வந்த 'அசோக்குமார்' படத்தில் சின்ன வேஷத்தில் ஓர் இளைஞர் நடித்தார். அவர் பேர் எம்.ஜி.ஆர்!

1944 நவம்பரில், நட்சத்திரங்களின் அந்தரங்கத்தை எழுதிப் பிழைத்த பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் சென்னை வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். டிசம்பரில் பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் கைது. ஆயுள் தண்டனை. மேல்முறையீடு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், வழக்கு மறுபடி சென்னைக்கே திரும்பி, 1947 ஏப்ரலில் இருவரும் நிரபராதிகள் என்று விடுதலை ஆனார்கள். இரண்டரை வருஷம் போயே போச்சு. ஒப்பந்தமான படங்களும் போயின. அந்த நாள்களின் பெரும்பகுதியில் சென்னை பிராட்வே தியேட்டரில் 'ஹரிதாஸ்' ஓடிக்கொண்டே இருந்தது.

ஜெயில்தான் அவரை அழித்தது என்று எல்லாரும் சொல்வார்கள். பாதி உண்மை என்றுதான் எனக்குத் தோணுது. அதே வழக்கு, அதே ஜெயில், கலைவாணருக்கும்தான். அவர் வெளியே வந்து 'நல்லதம்பி', 'மணமகள்' என்று மறுபடி ஜெயித்தார். சிரிப்புக்கு அப்போதும் இடம் இருந்தது. ஆனா, பாட்டுக்கு நடுவே கொஞ்சம் வசனம் என்ற சினிமா, வசனத்துக்கு நடுவே கொஞ்சம் பாட்டு என்று மாறிவிட்டது. பாகவதர் சொந்தமாகத் தயாரித்த 'ராஜமுக்தி' 1948-ல் தோல்வி. 1952-ல் அவருடைய 'அமரகவி'யும் 'சியாமளா'வும் வந்தன. அந்த வருஷ தீபாவளிக்கு 'பராசக்தி' வந்தது. அதில் பக்கம் பக்கமாக வசனம் பேசி அசத்திய கணேசனும் திருச்சிப் பையன்தான், சங்கிலியாண்டபுரத்தில் வளர்ந்தவர். ஒரே ஊர், ஆனா வேற தலைமுறை.

குரல் அவரை விட்டுப் போகவில்லை, அதுதான் கொடுமை. சர்க்கரை நோய், பார்வைக் குறைவு எல்லாம் சேர்ந்து வாட்டியபோதும் கச்சேரி செய்துகொண்டிருந்தார். 1957-ல் 'புது வாழ்வு' படத்தைத் தானே இயக்கி நடித்தார். அதுவும் ஓடவில்லை.

1959 நவம்பர் 1-ம் தேதி சென்னை பொது மருத்துவமனையில் இறந்தார். வயசு 49 தான். உடலைத் திருச்சிக்குக் கொண்டுவந்து, கணேசன் வளர்ந்த அதே சங்கிலியாண்டபுரத்தில் அடக்கம் செய்தார்கள். அவர் நடித்த கடைசிப் படம் 'சிவகாமி' அடுத்த வருஷம்தான் தியேட்டருக்கு வந்தது.