பந்தயத்தின் விலையைக் குறைத்தவர்

திருத்தணியிலிருந்து திருப்பதி செல்லும் நெடுஞ்சாலையில் ஞாயிற்றுக்கிழமை விடியலில் மாற்றியமைக்கப்பட்ட கார்களின் உறுமல் கேட்கும். எங்கள் பகுதியில் பட்டறை வைத்திருக்கும் இளைஞர் மடிக்கணினியை காருடன் இணைத்து, எஞ்சினில் தீப்பொறி எந்தக் கணத்தில் விழ வேண்டும் என்பதைத் திரையிலேயே திருத்துகிறார். அவரிடம் சுந்தரம் கரிவர்தன் என்ற பெயரைச் சொன்னேன். கோவை அருகே 'கரி' என்ற பெயரில் ஒரு பந்தயத்தளம் இருப்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது. இதே திருவள்ளூர் மாவட்டத்துச் சோழவரத்தில் அந்த மனிதரின் கார்களைக் காண மக்கள் திரண்ட காலம் ஒன்று இருந்தது என்றதும் வியந்தார்.

கரிவர்தன் 1954இல் பிறந்தவர். கோவை லட்சுமி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தவர். பஞ்சாலைத் தொழிலைக் கவனித்துக்கொண்டு வசதியாக வாழ்ந்திருக்கலாம். அவருடைய மனமோ கார்களில் இருந்தது. ஓட்டுவதைப் போலவே உருவாக்குவதிலும் இருந்தது.

அன்று இந்தியாவில் கார் பந்தயம் என்றால் சோழவரம்தான். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயங்களை நடத்தியது. அனுமதியும் உரிமமும் ஆட்சி செய்த பொருளாதாரம் அது. வெளிநாட்டுக் காரை இறக்குமதி செய்வது மிகச் சிலருக்கே இயன்றது; விஜய் மல்லையா பழைய ஃபார்முலா ஒன் கார் ஒன்றைக் கொண்டுவந்து ஓட்டினார். மற்றவர்களுக்கு வாய்த்தவை ஃபியட்டும் அம்பாசடரும் அவற்றின் எஞ்சின்களுமே. குடும்பத்தைக் கோயிலுக்கு அழைத்துச் செல்வதற்காகச் செய்யப்பட்ட எஞ்சினைப் பந்தயத்துக்குப் பழக்க வேண்டியிருந்தது.

அந்தப் பழக்கத்தின் நுட்பம் பெரிதும் தீப்பொறியின் நேரத்தில் அடங்கியிருந்தது. சிலிண்டருக்குள் எரிபொருள் கலவை ஒரே கணத்தில் எரிந்து முடிவதில்லை. ஆகவே பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்குச் சற்று முன்பே தீப்பொறி விழ வேண்டும். எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 முறை சுழலும்போது ஒரு மில்லி விநாடிக்குள் கிராங்க் தண்டு 36 பாகை திரும்பிவிடுகிறது. வேகம் கூடக்கூடத் தீப்பொறியை முன்னதாக்குவது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் சிறு எடைகளின் வேலை. சாதாரண ஓட்டத்தில் வெற்றிட இழுவிசையும் இதற்கு உதவும். ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்தியதும் அந்த உதவி நின்றுவிடும். அப்போது மெக்கானிக் வைத்த அளவும் எடைகளும் மட்டுமே துணை.

தீப்பொறி தாமதித்தால் வலு குறையும், புகைபோக்கி பழுக்கும். மிகவும் முந்தினால் எஞ்சினுக்குள் சுத்தியலால் தட்டுவதுபோல் ஒலி எழும். அதைப் பொருட்படுத்தாமல் ஓட்டினால் பிஸ்டன் தலையில் ஓட்டை விழும். வலுவைக் கூட்டுவதற்காக ஹெட்டைச் சீவி அழுத்த விகிதத்தை உயர்த்தியவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் நெருக்கமானது. அன்று பங்குகளில் கிடைத்த பெட்ரோலின் தரமும் அவர்களுக்குத் துணை நிற்கவில்லை. சாலையில் பாதி அழுத்தத்தில் கேட்காத அந்தத் தட்டல், பந்தய நாளில் முழு வேகத்தில்தான் கேட்கும்.

பொருளாதாரம் பயிற்றுவித்தவன் என்ற முறையில் இதில் நான் காண்பது வேறு. இந்தக் கலையைக் கற்க எஞ்சின்களைப் பலி கொடுக்க வேண்டும். ஓர் எஞ்சின் போனால் மறுநாளே இன்னொன்றைப் பொருத்த முடிந்தவர் மேலும் இரண்டு பாகை முன்னே நகர்த்திப் பார்ப்பார். ஒரே எஞ்சின் வைத்திருப்பவர் அஞ்சி நிறுத்திக்கொள்வார். ஓட்டும் திறமை அவரிடம் கூடுதலாக இருந்தாலும் பந்தயம் அங்கேயே முடிந்துவிடும்.

முதல் வகையில் சேரும் வசதி கரிவர்தனுக்கு இருந்தது. உள்நாட்டுக் கார்களை மாற்றியமைத்தும் ஒற்றை இருக்கைக் கார்களைத் தாமே வடிவமைத்தும் அவர் சோழவரத்தில் ஓட்டினார். எதிரில் இறக்குமதிக் கார்கள் நின்றபோதும் தயங்கவில்லை. வெற்றிகளோடு நின்றிருந்தால் அவரை இன்று பழைய ரசிகர்கள் சிலர் மட்டுமே நினைவில் வைத்திருப்பார்கள்.

1983 இறுதியில் மாருதி 800 வந்தது. 796 சி.சி., மூன்று சிலிண்டர், எங்கும் கிடைக்கும் உதிரிபாகங்கள். பலர் அதை நடுத்தரக் குடும்பத்தின் கார் என்று மட்டுமே பார்த்தார்கள். கரிவர்தன் அதன் எஞ்சினையும் கியர்பெட்டியையும் எடுத்து, இரும்புக் குழாய்ச் சட்டத்தில் ஓட்டுநருக்குப் பின்னால் பொருத்தினார். எண்பதுகளின் பிற்பகுதியில் ஃபார்முலா மாருதி இப்படிப் பிறந்தது. எல்லோருக்கும் ஏறத்தாழ ஒரே எஞ்சின். ஆகவே வெற்றியைத் தீர்மானித்தது பெரும்பாலும் ஓட்டுபவரின் கையும் காலும்தான். தமக்கு இயல்பாகவே வாய்த்திருந்த பண அனுகூலத்தைத் தாமே குறைத்துக்கொண்டவர் என்று அவரைச் சொல்வதில் மிகையில்லை. பணமுள்ளவர்கள் போட்டியின் விதிகளைத் தமக்குச் சாதகமாக வளைப்பதையே நான் அதிகம் படித்திருக்கிறேன்.

அதற்காகக் கார் பந்தயம் ஏழைகளின் விளையாட்டாகிவிடவில்லை; அது என்றும் அப்படி ஆகாது. கோடீஸ்வரர்களுக்கு மட்டுமே திறந்திருந்த கதவு சற்று அகலமானது, அவ்வளவே. கோவையிலிருந்து ஓட்டுநர்களும் மெக்கானிக்குகளும் ஒரு தலைமுறையாக உருவானார்கள்; ஜே. ஆனந்த், பி. விஜயகுமார் போன்றோர் அவரோடு வளர்ந்தவர்கள். பந்தயமும் சோழவரத்தை விட்டு ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் கட்டப்பட்ட தளத்துக்கு நகர்ந்தது.

1995 ஆகஸ்ட் மாதம் விமான விபத்து ஒன்றில் கரிவர்தன் மறைந்தார். வயது 41. மாருதியின் எஞ்சினில் பந்தயம் பழகிய கோவை இளைஞர் நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் நுழைந்த முதல் இந்தியரானார். 2010இல் அந்த நிலையை எட்டிய சென்னையின் கருண் சந்தோக்கும் ஃபார்முலா மாருதியில் ஓட்டியவரே. செட்டிப்பாளையத்தில் 2003இல் திறக்கப்பட்ட தளத்துக்கு அவருடைய பெயரே சூட்டப்பட்டது.

பட்டறை இளைஞர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, அந்தக் காலத்தில் கணினி இல்லாமல் டைமிங்கை எப்படிப் பார்த்தார்கள் என்று கேட்டார். டிஸ்ட்ரிபியூட்டரைக் கையால் திருப்பி, காதால் கேட்டு என்றேன். அவர் மடிக்கணினியை மூடி வைத்துவிட்டு, மூலையில் கிடந்த பழைய ஃபியட் எஞ்சினைப் பார்க்கப் போனார்.