கல்லறைக்குக் கல் வேண்டாம் என்றவர்

சென்ற ஆண்டு முதுகுத்தண்டு பாதிப்பால் ஆறு வாரங்கள் படுக்கையில் கிடந்தேன். நலம் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் முறையிட்டேனே தவிர, அவர்கள் வந்ததற்காக மகிழவில்லை. நன்றி என்ற சொல்லே கசந்திருந்த அந்நாள்களில்தான் டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையாரின் வாழ்க்கையை மீண்டும் படித்தேன்.

அயர்லாந்தின் வடபகுதியில் மில்லைல் என்ற கடலோரச் சிற்றூரில் 1867 டிசம்பர் 16 அன்று பிறந்தவர் அவர். ஏழு பிள்ளைகளில் மூத்தவர். பதினேழு வயதில் தந்தையை இழந்தார். சிறுமியாக இருந்தபோது நீலக் கண்கள் வேண்டும் என்று இறைவனிடம் மன்றாடினாராம். விடிந்ததும் கண்ணாடியில் தெரிந்தவை அதே பழுப்புக் கண்கள்தாம். பின்னாளில் சேலை உடுத்தி, நெல்லைச் சீமையின் தெருக்களில் அந்நியராகத் தோன்றாமல் நடமாட அக்கண்களே துணைபுரிந்தன. மறுக்கப்பட்டதற்கும் நன்றி கூறலாம் என்பதற்கு அதை அவர் சான்றாகக் கொண்டார்.

1895-இல் இந்தியாவுக்கு வந்தவர், மறையும்வரை ஒருமுறைகூடத் தாயகம் திரும்பவில்லை. 1901-இல், கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடப்படவிருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பி வந்து அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். களக்காடு மலையடிவாரத்து டோனாவூரில் எழுந்த இல்லத்துக்கு அதுவே தொடக்கம். பிள்ளைகளைக் கவர்ந்து செல்கிறார் என்ற பழியையும் வழக்கையும் அவர் சந்தித்தார். மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி முதலானோரின் நெடிய போராட்டத்தால், சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுக்கும் சட்டம் 1947-இல் வந்தபோது அம்மையார் உயிருடன் இருந்தார், ஆனால், படுக்கையில்.

1931 அக்டோபரில், களக்காட்டில் மருத்துவப் பணிக்காக எடுத்திருந்த வீட்டைப் பார்வையிடச் சென்றபோது, இருட்டில் குழியொன்றில் விழுந்து அவருக்குக் கால் முறிந்தது. சில வாரங்களில் எழுந்துவிடுவார் என்றே எல்லோரும் நம்பினர். ஏறத்தாழ 20 ஆண்டுகள், பெரும்பாலும் ஓர் அறைக்குள்ளேயே கழிந்தன.

வலியே இல்லாததுபோல் அவர் நடிக்கவில்லை. உடல்நலம் உள்ளவர்கள் எழுதும் ஆறுதல் நோயாளியின் நெஞ்சைத் தொடுவதில்லை என்பதை உணர்ந்து, நோயாளியாக இருந்துகொண்டே நோயாளிகளுக்கென ஒரு நூல் எழுதினார். பத்துக்கும் மேற்பட்ட நூல்கள் அந்த அறையில் பிறந்தன. பிள்ளைகளுக்கும் உடன் பணியாற்றியோருக்கும் கடிதங்கள் ஓயாமல் சென்றன. நடக்க இயலாத கால்களுக்காக ஏங்கியிருந்திருப்பார். எழுத முடிந்த கையை மட்டும் அவர் சும்மா இருக்கவிடவில்லை. எஞ்சியிருப்பதைக் கொண்டு பிறர்க்கு உதவுவதே அவர் அறிந்த நன்றி என்று எனக்குத் தோன்றுகிறது.

1951 ஜனவரி 18 அன்று அவர் மறைந்தார். தம் கல்லறைக்குக் கல் நாட்டக் கூடாது என்று முன்னரே சொல்லியிருந்தார். பிள்ளைகள் அதை மீறவில்லை. பறவைகள் நீர் அருந்த ஒரு கல்தொட்டியை அவ்விடத்தில் வைத்து, அதில் தாய் என்று பொருள்படும் ஒரே சொல்லைப் பொறித்தார்கள்.

அவரது நம்பிக்கையை ஏற்போரும் ஏற்காதோரும் இருக்கலாம். அந்தத் தொட்டி எல்லோருக்கும் பொதுவானது. படித்து முடித்த இரவில், ஆறு வாரங்களாக என்னைத் தூக்கி உட்காரவைத்த மனைவிக்கு நான் ஒருமுறையேனும் நன்றி சொன்னேனா என்று எண்ணிப் பார்த்தேன். சொல்லியிருக்கவில்லை. விளக்கை அணைக்குமுன் சொன்னேன்.