கால்டுவெல் மறைந்த ஆண்டும் காணாமற்போன பக்கங்களும்

1891ஆம் ஆண்டு ஜூலை 26 அன்று கல்கத்தாவில் வரலாற்றறிஞர் ராஜேந்திரலால் மித்ரா இறந்தார். மூன்று நாள் கழித்து அதே நகரில் ஈசுவர சந்திர வித்யாசாகர் காலமானார். ஆகஸ்ட் 28 அன்று கொடைக்கானலில் ராபர்ட் கால்டுவெல் உயிர்நீத்தார். மித்ரா ஆசியவியல் கழகத்தின் தலைவரான முதல் இந்தியர். வித்யாசாகர் கைம்பெண் மறுமணச் சட்டத்துக்காகப் போராடியவர். அச்சட்டம் நிறைவேறிய 1856இல்தான் கால்டுவெல்லின் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணமும் வெளிவந்தது. ஐந்து வாரங்களுக்குள் மூன்று அறிஞர்களை இந்தியா இழந்தது.

அந்த ஆண்டுக்கு வேறு கணக்கும் உண்டு. ஏப்ரல் 14 அன்று அம்பேத்கர் பிறந்தார். அயோத்திதாசப் பண்டிதர் திராவிட மகாஜன சபையைத் தொடங்கினார். இரட்டைமலை சீனிவாசன் பறையர் மகாஜன சபையை நிறுவினார். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் ஒடுக்கப்பட்டோரின் நிலமின்மை குறித்து அரசுக்கு எழுதினார். பஞ்சமி நிலங்களுக்கு அடிப்படையான 1892ஆம் ஆண்டு அரசாணை அதன் விளைவே. இப்படியோர் ஆண்டில் இறந்த கால்டுவெல்லை நாம் எவ்வாறு நினைவுகூர வேண்டும்? கடற்கரைச் சிலையைப் பார்த்து வணங்கிவிட்டு நகர்வது எளிது. அவர் எழுதியதையும், எழுதியதற்கு நேர்ந்ததையும் சேர்த்துப் படிப்பதே தேவை.

கால்டுவெல் 1814 மே 7 அன்று அயர்லாந்தில், ஸ்காட்லாந்தைச் சேர்ந்த பெற்றோருக்குப் பிறந்தார். இளமையில் ஓவியம் பயின்றவர். பிறகு கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கிரேக்கமும் மொழி ஒப்பீடும் அவரை ஈர்த்தன. 1838 ஜனவரியில் இலண்டன் மிஷனரி சங்கத்தின் ஊழியராகச் சென்னையில் இறங்கினார். சில ஆண்டுகளில் ஆங்கிலிக்கத் திருச்சபையில் சேர்ந்து, சென்னையிலிருந்து தஞ்சை, நீலகிரி வழியாகப் பெரும்பாலும் கால்நடையாகவே நடந்து, 1841 இறுதியில் திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியிலுள்ள இடையன்குடியை அடைந்தார்.

தாமிரபரணியின் நீர் அவ்வூரை எட்டுவதில்லை. ஆற்றின் இருமருங்கும் நெல்விளையும் நன்செய். நிலம் ஒருவருக்கு, சேற்றில் இறங்கும் கால் இன்னொருவருக்கு. தெற்கே போகப்போகச் செம்மணல் தேரிக்காடும் பனையும்தான். அன்றைய ஆவணங்களில் சாணார் என்று குறிக்கப்பட்ட நாடார் மக்களே அங்குப் பனையேறி வாழ்ந்தார்கள். கால்டுவெல் ஏறத்தாழ நாற்பதாண்டுக் காலம் அவர்களிடையே வாழ்ந்தார். அவருடைய மனைவி எலைசா, நாகர்கோவில் மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மகள். தமிழைப் பிள்ளைப் பருவத்திலேயே கற்றவர். பெண் குழந்தைகளுக்குப் பள்ளி நடத்தினார். பெண்களுக்குச் சரிகைப் பின்னல் கற்றுக்கொடுத்தார். அவரைக் கணவரின் நிழலாக மட்டும் எழுதிச் செல்லும் வழக்கம் தொடர்வது வருத்தத்துக்குரியது.

அம்மக்களைப் பற்றிக் கால்டுவெல் 1849இல் ஆங்கிலத்தில் ஒரு சிறுநூல் எழுதினார். அவர்கள் இலங்கையிலிருந்து வந்து குடியேறியவர்கள் என்றார். வழிபாட்டைப் பேய் வழிபாடு என்றார். அறிவுத்திறனையும் தாழ்த்தி மதிப்பிட்டார். மதம் மாறியவர்களுக்கு வெளிநாட்டில் நன்கொடை திரட்ட எழுதப்பட்ட இத்தகைய நூல்களில், உதவிபெறும் மக்கள் எவ்வளவு தாழ்ந்தவர்களாகத் தெரிகிறார்களோ அவ்வளவுக்கு ஊழியரின் பணி உயர்ந்து தெரியும். அந்நூல் நாடார் கிறித்தவர்களிடையே பெருஞ்சினத்தை மூட்டியது. அருமைநாயகம் சட்டாம்பிள்ளை மிஷனரிகளின் ஆதிக்கத்தை மறுத்து 1857இல் தனித் திருச்சபையே கண்டார். எதிர்ப்பு பல்லாண்டுகள் ஓயவில்லை. 1880களில் அந்நூலைப் புழக்கத்திலிருந்து விலக்கிக்கொள்ள வேண்டிய நிலை கால்டுவெல்லுக்கு ஏற்பட்டது. தம்மைப் பற்றி எழுதப்பட்டதை எழுதப்பட்டவர்களே மறுத்து வென்ற நிகழ்வு இது. அம்மறுப்பு சத்திரியப் பரம்பரை உரிமை கோரும் வடிவமும் எடுத்ததை நாம் ஏற்க இயலாது. ஆனால் கோபம் நியாயமானது.

இதே மனிதர்தாம் ஒப்பிலக்கணத்தையும் எழுதினார். தென்னிந்திய மொழிகள் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவையல்ல என்பதை எல்லிஸ் 1816லேயே சுட்டியிருந்தார். கால்டுவெல் அதை ஒலி, வேர்ச்சொல், எண்ணுப்பெயர், இடப்பெயர், வினை என்று ஒவ்வொன்றாக எடுத்து நிறுவினார். 1875இல் பெரிதும் விரிவாக்கிய இரண்டாம் பதிப்பை வெளியிட்டார். அவர் தம் வாழ்நாளில் வெளியிட்ட இறுதிப் பதிப்பு அதுவே.

அப்பதிப்பின் பின்னிணைப்பில் பறையர் திராவிடரா என்றொரு கேள்வியை எழுப்பித் தனியாக ஆராய்கிறார். சாதி மீறியவர்களுக்கும் சாதியிலிருந்து தள்ளப்பட்டவர்களுக்கும் பிறந்தோரே பறையர் என்ற கதை ஐரோப்பியரிடையே அன்று பரவியிருந்தது. அதை அவர் மறுக்கிறார். அவர்கள் தமக்கெனத் தொன்மையும் ஒழுங்கும் உடைய தனிச் சமூகத்தார் என்கிறார். பெயரைப் பறை என்னும் சொல்லோடு தொடர்புபடுத்துகிறார். நிறத்திலும் தோற்றத்திலும் காணும் வேறுபாட்டை வெயிலுழைப்பும் வாழ்நிலையும் விளக்கிவிடும் என்கிறார். அவர்களிடம் வேறெந்த மொழியின் தடயமும் இல்லை என்பதே அவருடைய முக்கியச் சான்று. மற்றத் தமிழர் பேசும் தமிழே அவர்கள் மொழி. ஆகவே அவர்களை வேற்றினமாக்க மொழியில் ஆதாரமில்லை.

இவ்வாய்விலும் குறையுண்டு. மனிதரை இனங்களாகப் பகுக்கும் அக்காலச் சட்டகத்தை அவர் தாண்டவில்லை. தீண்டாமைக்கு இனவேறுபாடு காரணமாகாது என்று அம்பேத்கர் 1948இல் தீண்டப்படாதோர் குறித்த நூலில் வாதிட்டபோது, அதைவிடத் திடமான தளத்தில் நின்றார். என்றாலும், திராவிடர் என்ற கருத்துக்கு இலக்கணம் வகுத்த நூலே பறையரை அக்கருத்துக்குள் வைத்துப் பேசியது என்பது சிறிய செய்தியா?

1876இல் கால்டுவெல் கொற்கையிலும் காயலிலும் அகழ்ந்து பார்த்தார். தாமிரபரணி கொண்டுவந்த வண்டல் கடலை விலக்க, பழைய துறைமுகம் நிலத்துக்குள் பின்தங்கியதை விளக்கினார். ஆற்றங்கரையின் தாழிப் புதையல்களைக் கண்டார். திருநெல்வேலி மாவட்ட வரலாறு 1881இல் வந்தது. இடையே 1877இல் ஆயராக அருள்பொழிவு. பெரும் பஞ்சத்தில் நிவாரணப் பணி. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக எழுந்துவந்த இடையன்குடி ஆலயத்தை 1880இல் திறந்துவைத்தல். 1891 ஜனவரி இறுதியில் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். ஏழே மாதத்தில் மறைந்தார். உடல் அவர் கட்டிய ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது.

ஒப்பிலக்கணத்தின் மூன்றாம் பதிப்பு 1913இல் வந்தது. பதிப்பித்தவர்கள் அவருடைய மருமகன் ஜே. எல். வயட்டும் டி. ராமகிருஷ்ண பிள்ளையும். அதில் பறையர் பற்றிய பின்னிணைப்பு இல்லை. வேறு சில பகுதிகளும் இல்லை. நூலாசிரியர் இறந்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. கேட்க அவர் இல்லை. பின்வந்த மறுபதிப்புகள் இந்தக் குறைத்த வடிவத்தையே பின்பற்றின.

நீக்கியவர்களின் மனத்தில் என்ன இருந்தது என்று வாதாட நான் வரவில்லை. வழக்கறிஞர் என்ற முறையில் ஒன்று சொல்வேன். ஆவணத்தின் சான்றிட்ட நகலில் ஒரு பக்கம் குறைந்தால், எந்தத் தரப்புக்கு அப்பக்கம் உதவியிருக்கும் என்பதையே நீதிமன்றத்தில் முதலில் கேட்போம். 1916இல் தென்னிந்திய நல உரிமைச் சங்கம் உருவானது. திராவிடர் என்ற சொல் அரசியல் உருக்கொண்ட அடுத்த பல பத்தாண்டுகளில் மாணவர்களும் தலைவர்களும் புரட்டிய கால்டுவெல், பின்னிணைப்பு இல்லாத கால்டுவெல். அச்சொல்லை 1891லேயே தம் சபையின் பெயராக்கிய பண்டிதரை அந்த அரசியல் நெடுங்காலம் நினைக்கவில்லை என்பதையும் அருகில் வைத்துப் பார்க்கலாம். கல்லூரி நாள்களில் நான் தேர்வுக்குப் படித்ததும் அந்தக் குறைத்த பதிப்புத்தான். நூல் முழுமையானது என்றே அன்று நம்பியிருந்தேன்.

2008இல் கவிதாசரண் பதிப்பகம் 1875ஆம் ஆண்டுப் பதிப்பை நீக்கப்பட்ட பகுதிகளோடு மீண்டும் அச்சிட்டது. அதற்குள் 1913ஆம் ஆண்டுப் பதிப்பு வந்து 95 ஆண்டுகள் கடந்திருந்தன. இடையன்குடியில் அவர் வாழ்ந்த வீடு இன்று அரசின் நினைவில்லம். அங்குச் செல்லும் மாணவர்கள் அந்தப் பதிப்பையும் கையில் எடுத்துச் செல்லலாம்.