தனிமையின் பள்ளத்தாக்கில் ஸ்டைன்பெக்

அமெரிக்கப் புதின ஆசிரியர் ஜான் ஸ்டைன்பெக் 1902 பிப்ரவரி 27இல் கலிபோர்னியாவின் சலினாஸ் நகரில் பிறந்தார். 1919இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர் 1925இல் பட்டம் பெறாமலே வெளியேறினார். இடையிடையே பண்ணைகளில் நாடோடிக் கூலிகளோடு உழைத்தார். அப்பட்டறிவே 1937இல் 'எலிகளும் மனிதர்களும்' என்னும் குறுநாவலாக விளைந்தது.

கதை நிகழுமிடம் சோலிடாட் என்னும் ஊரையடுத்த பண்ணை. அவ்வூர்ப் பெயருக்கு ஸ்பானிய மொழியில் தனிமை என்பதே பொருள். கறுப்பினத்தவர் என்பதால் குதிரைக் கொட்டிலருகே ஒதுக்கப்பட்ட குரூக்ஸ், கையொன்றை இழந்து, துணையாயிருந்த நாயையும் இழக்கும் முதியவர் கேண்டி, சொந்தப் பெயரே தரப்படாத கர்லியின் மனைவி ஆகிய மூவரும் ஒரே வேலிக்குள் வாழ்ந்தும் ஒருவருக்கொருவர் ஆதரவாக இயலவில்லை. ஜார்ஜும் லென்னியும் மட்டுமே இணைபிரியாது திரிகின்றனர். அத்துணையும் இறுதியில் ஜார்ஜின் கையாலேயே முடிகிறது. நிலையற்ற கூலிவாழ்வு விளைத்த சமூகக் கேடாகவே தனிமையை ஸ்டைன்பெக் காண்கிறார். நாவலின் வலிமை அதுவே.

1939இல் வெளிவந்த 'கோபத்தின் கனிகள்' 1940இல் புலிட்சர் பரிசு பெற்றது. எனினும் நிலவுடைமையாளரின் பகையால் பிறந்த மண்ணிலேயே அவர் அயலாரானார். 1962இல் நோபல் பரிசு பெற்ற அவர், 1968 டிசம்பர் 20இல் நியூயார்க்கில் மறைந்தார். அவரது அஸ்தி சலினாஸில் அடக்கம் செய்யப்பட்டது. அன்று வெறுத்த ஊர், இன்று தன் நூலகத்திற்கு அவர் பெயரைச் சூட்டியிருக்கிறது.