கதிரொளியிற் கண்ட கோடுகள்

பவேரியா நாட்டில் 1787ஆம் ஆண்டு பிறந்தவர் யோசேப்பு பிரௌன்ஹோபர். 11ஆம் வயதிலேயே பெற்றோரை இழந்து, மியூனிக் நகரில் கண்ணாடி வினைஞர் ஒருவரிடம் தொழில் பயின்றார். அவர் நூல் கற்பதற்கு அவ்வினைஞர் இசைந்திலர். 1801இல் அவ்வீடு இடிந்து வீழ்ந்தது. இடிபாட்டினின்றும் உயிருடன் மீட்கப்பெற்ற சிறுவனுக்கு நாட்டை ஆண்ட மாக்சிமிலியன் பொருளுதவி புரிந்தார். கேட்டிலும் ஒரு நன்மை விளைந்தவாறு காண்க!

பின்னர்த் தொலைநோக்கிக் கண்ணாடிகளைச் செய்வதில் அவர் வல்லவரானார். கண்ணாடியின் இயல்பை அளக்கும்பொருட்டு, 1814இல் ஞாயிற்றொளியை முப்பட்டைக் கண்ணாடியின் வழியே செலுத்தித் தொலைநோக்கியால் நோக்கினார். நிறமாலையின் ஊடே கரிய கோடுகள் எண்ணிறந்தன தோன்றின. கண்ணின் மயக்கமோ என ஐயுற்றுப் பன்முறை ஆராய்ந்தும் அவை இடம் பெயர்ந்தில. 570க்கு மேற்பட்ட கோடுகளை எண்ணி, சிறந்தவற்றிற்கு எழுத்துகளால் பெயரிட்டார். அவற்றின் காரணம் விளங்குமுன்னரே, 1826இல் தம் 39ஆம் வயதில் மறைந்தார்.

1859இல் கிர்க்காப்பு என்னும் அறிஞர், ஞாயிற்றைச் சூழ்ந்த ஆவிகள் தத்தமக்குரிய ஒளியைக் கவர்தலால் அக்கோடுகள் உண்டாதலை விளக்கினார். நாம் உண்ணும் உப்பிலுள்ள சோடியம் ஞாயிற்றிலும் உண்டென்பது அங்ஙனமே அறியப்பட்டது.