அலோயிஸ் அல்சைமர் (1864 – 1915)

முதுமையில் மறதி வருவது இயல்பு என்றே மக்கள் நெடுங்காலம் எண்ணி வந்தனர். அது எல்லை மீறியபோது பைத்தியம் என ஒதுக்கினர். மூளையில் ஏற்படும் ஒரு நோயே சிலரது நினைவை அழிக்கின்றது என்பதை எடுத்துக்காட்டியவர் ஜேர்மனிய வைத்தியர் அலோயிஸ் அல்சைமர் ஆவார்.

இவர் 1864 யூன் 14 ஆம் திகதி பவேரியாவில் பிறந்தார். மருத்துவம் கற்று 1887 இல் பட்டம் பெற்று, அடுத்த ஆண்டு பிராங்பேர்ட் நகர மனநோயாளர் வைத்தியசாலையிற் சேர்ந்தார். நோயாளரைக் கட்டிவைப்பதைத் தவிர்த்து அவர்களோடு பொறுமையாக உரையாடினார். அங்கு பணியாற்றிய பிரான்ஸ் நிசில், நரம்புக் கலங்களுக்குச் சாயமூட்டும் முறையிற் சிறந்து விளங்கினார். இருவரும் இறந்த நோயாளரின் மூளை இழையங்களை நுணுக்குக்காட்டியின் கீழ் ஆராய்ந்தனர்.

1901 ஆம் ஆண்டு அல்சைமரின் வாழ்வில் துயர் மிக்கது. மனைவி இறந்தார், மூன்று பிள்ளைகள் தாயை இழந்தனர். அவ்வாண்டு நவம்பரில் ஒகஸ்ரே என்னும் 51 வயதுப் பெண் வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்டார். பென்சில், திறப்பு முதலியவற்றைக் காட்டியபோது சரியாகப் பெயர் சொன்னார். சிறிது நேரத்தில் அவற்றைப் பார்த்ததையே மறந்தார். தன் பெயரையும் முழுமையாக எழுத இயலவில்லை. வினாக்களையும் விடைகளையும் அல்சைமர் ஒன்றுவிடாது குறித்து வைத்தார்.

1903 இல் மியூனிச் நகருக்குச் சென்ற பின்னரும் அவரை மறக்கவில்லை. 1906 இல் ஒகஸ்ரே இறந்ததும் அவரது மூளையைப் பெற்று ஆராய்ந்தார். மூளை சுருங்கியிருந்தது. கலங்களுக்கு வெளியே படிவுகளும், உள்ளே முறுக்குண்ட இழைகளும் காணப்பட்டன. நோயாளியின் நடத்தைக்கும் மூளையின் மாற்றத்துக்கும் உள்ள தொடர்பு வெளிப்பட்டது.

அவ்வாண்டு நவம்பரில் ரியூபிங்கன் நகரில் கூடிய மருத்துவர்களுக்கு இதனை விளக்கினார். எவரும் ஒரு வினாவேனும் எழுப்பவில்லை. எனினும் 1910 இல் எமில் கிறபெலின் தமது பாடநூலில் இதற்கு அல்சைமர் நோய் எனப் பெயரிட்டார். 1912 இல் பிறெஸ்லோ பல்கலைக்கழகப் பேராசிரியரான அல்சைமர், 1915 டிசெம்பர் 19 ஆம் திகதி தமது 51 ஆவது வயதிற் காலமானார்.

அவர் கண்ட படிவு அமைலோயிட் என்னும் புரதம் என்றும், இழைகள் டௌ என்னும் புரதத்தாலானவை என்றும் பிற்காலத்தில் அறியப்பட்டது. இந்நோயை முற்றாகக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. 2023 இல் அமெரிக்காவில் முழு அங்கீகாரம் பெற்ற லெக்கனமாப், ஆரம்ப நிலையில் அதன் வேகத்தைச் சற்றுக் குறைக்கின்றது. ஒகஸ்ரே பற்றிய குறிப்பேடு 1995 இல் பிராங்பேர்ட்டிற் கண்டெடுக்கப்பட்டது. தன் பெயரை மறந்த அப்பெண்ணை உலகம் நினைவுகூர்வது, ஒரு வைத்தியர் அவர் சொன்னதைப் பொறுமையுடன் கேட்டு எழுதியதனாலேயாகும்.

பயிற்சி
1. ஒகஸ்ரேயிடம் காணப்பட்ட நோய்க்குறிகள் இரண்டு தருக.
2. அவரது மூளையில் அல்சைமர் கண்ட மாற்றங்கள் எவை?
3. நோயாளரை அணுகிய முறையில் அல்சைமரிடம் காணப்பட்ட பண்புகளை விளக்குக.